புரட்டாசியில் ஸ்காண்டிநேவியா

(திருச்சி மன்னார்புரத்தில் பங்குனி மாதத்து ஞாயிறு மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பங்குனி வெயிலில் உங்களை உட்கார வைத்துக்கொண்டு குளிர்நாட்டைப் பற்றிப் பேசுவது ஆசை காட்டி ஏய்க்கிற வேலை மாதிரி இருக்கும். ஆனால் பேச வேண்டிய மாதம் இதுதான். செப்டம்பரில் ஸ்வீடனுக்கோ நார்வேக்கோ போக நினைப்பவர் மார்ச்சிலேயே காகிதங்களைக் கையில் எடுக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் வருகிறேன்.

நம் ஊரில் பல வீடுகளில் இன்று பிள்ளையோ மருமகளோ ஸ்டாக்ஹோமில், கோதன்பர்க்கில், கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறார்கள். "ஜூன்ல வாங்கப்பா, அப்பதான் குளிர் இருக்காது" என்று அவர்கள் கூப்பிடுவார்கள். இவர்களும் போவார்கள். திரும்பி வந்ததும் மன்னார்புரம் நால்ரோட்டில் பார்த்து எப்படி இருந்தது என்று கேட்டால் முதல் வாக்கியம் இதுதான்: "ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் சார், தூக்கமே வரலை." பிள்ளைகள் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு ஜூன் சரியான மாதம் அல்ல என்பது என் கட்சி. செப்டம்பர் சரி, அக்டோபர் முதல் பாதியும் சரி. நம் கணக்கில் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்காண்டிநேவியா என்று கறாராகச் சொன்னால் டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும்தான். பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துக்கொள்வது பயண ஏற்பாட்டாளர்களின் தாராள மனசு. பத்து நாளில் நாலு நாடு என்று அவர்கள் போடும் திட்டத்தில் பாதி நேரம் பேருந்து ஜன்னல், மீதி நேரம் இந்திய பஃபே. அதற்கு ஆகும் பணத்தில் பாதிக்கு ஊட்டியில் ஒரு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம்.

பயணத்தை இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிடாதீர்கள், பகல் வெளிச்சத்தை வைத்துத் திட்டமிடுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

திருச்சி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பதினொரு பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஸ்ரீரங்கத்தில் விஸ்வரூப தரிசனத்துக்கு எழுந்து போகிறவருக்கு ஆனியில் ஒரு மாதிரியும் மார்கழியில் ஒரு மாதிரியும் இருப்பது குளிரால்தான். இருட்டு பெரிதாக மாறுவதில்லை. அதனால் பகல் நேரத்தை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணிப் பழகவில்லை. நார்வேயின் ட்ரோம்சோ நகரம் 69 பாகைக்கும் மேலே இருக்கிறது. அங்கே செப்டம்பர் 1ஆம் தேதி பகல் 15 மணி நேரத்துக்கு மேல். அக்டோபர் 31ஆம் தேதி ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. நாள் ஒன்றுக்கு எட்டு, ஒன்பது நிமிடமாகப் பகல் தேய்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். ஸ்டாக்ஹோம் 59 பாகையில் இருப்பதால் அங்கே தேய்மானம் சற்றுக் குறைவு. இருந்தாலும் நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

நடுவில் செப்டம்பர் 22, 23 தேதிகளில் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அந்த ஒரு வாரம் மட்டும் ட்ரோம்சோவிலும் மன்னார்புரத்திலும் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம். நம் உடம்புக்குப் பழகின பகல், பழகின இரவு. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பகல் குறைவதை மரங்களும் அறியும். இரவு நீள நீள, இலையிலிருக்கும் பச்சையத்தை மரம் உடைத்து, அதிலுள்ள சத்தைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில செடிகள் புதிதாகச் சிவப்பு நிறமியையும் உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் அந்தச் சிவப்பு கூடும். இந்த நிறமாற்றம் எல்லா இடத்திலும் ஒரே நாளில் நடப்பதில்லை. வடக்கே லாப்லாந்தில் செப்டம்பர் முதல் இரண்டு மூன்று வாரங்களில் உச்சத்துக்கு வந்து மாதக் கடைசியில் உதிர்ந்துவிடும். ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ பக்கம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடு வரை. டென்மார்க்கின் பீச் மரக் காடுகளில் அக்டோபர் பின்பாதி. நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறது. நாமும் அதோடு இறங்கி வர வேண்டும். பெரும்பாலான பயணத் திட்டங்கள் கோபன்ஹேகனில் இறக்கி வடக்கே ஏற்றுகின்றன. இலையுதிர் காலத்துக்கு அது தலைகீழ் வழி.

ஸ்டாக்ஹோமில் இறங்குங்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய் மாதிரி எங்காவது மாறித்தான் போக வேண்டும். ஒரு நாள் களைப்பாறிவிட்டு, மறுநாள் மாலை நார்வேயின் நார்விக் போகும் இரவு ரயிலில் ஏறிவிடுங்கள். ஓர் இரவும் மறுநாள் பாதியும் ஆகும் தூரம். காலையில் கண்விழித்தால் ஊசியிலைக் காடு மெலிந்துகொண்டே வரும், மரங்கள் குட்டையாகும். கிருணா நகரைத் தாண்டினால் மலைப் பிர்ச் மரங்கள் மட்டும். நாணயம் அளவே உள்ள சின்ன இலை, ஒவ்வொன்றும் பொன்மஞ்சள். இறங்கி நடந்து பாருங்கள். மேலே மஞ்சள் என்றால் காலடியில் சிவப்பு. முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டைப் பிர்ச்சும் புளூபெர்ரிச் செடியும் தரையோடு தரையாகச் சிவந்து கிடக்கும். நடுவே லிங்கன்பெர்ரி, குன்றிமணியைவிடச் சற்றுப் பெரிது, கடித்தால் களாக்காய் மாதிரிப் புளிப்பு. பறித்துத் தின்னலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தில் நடக்கவும், காட்டுப் பழமும் காளானும் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டு முற்றமும் விளைநிலமும் அதில் சேராது. நார்வே 1957இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. காளான் தெரியாதவர்கள் காளானைத் தொடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: வட ஸ்வீடனில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை பெரிய மான் வகையான மூஸ் வேட்டை தொடங்கும். காட்டுக்குள் போகும்போது ஆரஞ்சு, சிவப்பு என்று பளிச்சென்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இறங்கச் சொல்லும் இடம் அபிஸ்கோ. 1909இல் அமைந்த தேசியப் பூங்கா. அதை ஏன் தேர்ந்தெடுக்கிறேன் என்றால் அங்கே மழை குறைவு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்கள் நார்வே மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகின்றன. மலைக்குக் கிழக்கே இருக்கும் அபிஸ்கோவுக்கு வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் அளவில்தான் கிடைக்கிறது. நார்வே மேற்குக் கரையில் பெர்கன் நகரத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழை குறைவென்றால் இரவில் வானம் தெளிவு. வடதுருவ ஒளி பார்க்க அதுதான் வேண்டும். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தால் துருவப் பக்கம் இழுக்கப்பட்டு, தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே காற்றணுக்களில் மோதும்போது ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது. இது வருஷம் முழுக்க நடக்கிற காரியம்தான். ஆனால் கோடையில் இருட்டே இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் இருட்டும் வந்துவிடுகிறது, ஏரியும் இன்னும் உறையவில்லை. மேலே தெரிவது தண்ணீரிலும் தெரியும். போதாக்குறைக்குச் செப்டம்பர், மார்ச் மாதங்களில் காந்தப் புயல்கள் அதிகம் வருவது பதிவேடுகளில் தெரிந்த விஷயம். ஒன்று மட்டும்: நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்த பச்சை கேமராவின் பச்சை. வெறுங்கண்ணுக்குப் பல இரவுகளில் அது நகரும் வெண்சாம்பல் புகையாகத்தான் தெரியும். ஒரே இரவு தங்கிவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்று சொல்லக் கூடாது. மூன்று இரவு ஒதுக்குங்கள்.

போகிற வழியில் கிருணாவில் இறங்க நேரமிருந்தால் அங்குள்ள தேவாலயத்தைப் பாருங்கள். 1912இல் கட்டிய மரக் கோயில். அடியில் இரும்புச் சுரங்கம் விரிந்துகொண்டே வந்ததால் 2025 ஆகஸ்டில் 672 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி வண்டியில் வைத்து, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். ஒரு தேர் நிலைக்கு வருவதற்கே நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

நார்விக்கிலிருந்து ட்ரோம்சோவுக்குப் பேருந்து. இந்தக் கரையோரத்தைப் பார்க்கும்போது அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்கு முன்னாலேயே தமிழர்கள் இங்கே வந்திருக்கிறார்கள், விடுமுறைக்கு அல்ல. யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் 1956இல் நார்வே வந்து மீன்பிடித் தொழில் படித்தவர். பிறகு 'சீ-நோர்' என்ற அமைப்பின் வழியே நார்வே உதவியைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் படகுத் தொழிலும் வலைத் தொழிலும் தொடங்கக் காரணமாக இருந்தார். அவர் போட்ட பாதையில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளைஞர்கள் நார்வேயின் மக்கள் கல்விப் பள்ளிகளில் சேர வந்தார்கள். இலங்கையில் போர் மூண்டதும் வந்தவர் தொகை பெருகியது. வடகோடியில் பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் காட் மீனை வெட்டித் துண்டு போடும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்குபவை. ஆகஸ்டில் வந்து இறங்கிய பையன் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் பகலை இழந்துகொண்டே போய், மூன்றே மாதத்தில் சூரியனே இல்லாத ஊரில் நின்றிருப்பான். நாம் பணம் கட்டிப் பார்க்கப் போகிற அதே இலையுதிர் காலம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்தச் சமூகத்தில் வளர்ந்தவர் கம்சி குணரத்தினம். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 2015இல் ஓஸ்லோ துணை மேயர், 2021இல் நார்வே நாடாளுமன்ற உறுப்பினர். ஓஸ்லோவில் தமிழர் கடைக்குப் போனால் இட்லி மாவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தீர்கள் அண்ணா என்று கேளுங்கள். சொல்வார்கள்.

ட்ரோம்சோவிலிருந்து ஓஸ்லோவுக்கு விமானம்தான். ரயில் பாதை இல்லை. ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் போக வேண்டும், கட்டாயம். 1909இல் திறந்த பாதை. ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில். ஓஸ்லோவில் மஞ்சள் இலையில் புறப்பட்டு, மேலே வெறும் பாறையையும் சில சமயம் புதுப் பனியையும் பார்த்துவிட்டு, மறுபக்கம் மழையில் இறங்குவீர்கள்.

இந்த அவையில் பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு கிளைப் பாதை. மிர்டால் நிலையத்திலிருந்து ஃபிளாம் என்ற ஃபியோர்டு கரை ஊருக்கு இறங்கும் 20 கிலோமீட்டர். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தது. அந்த 20 கிலோமீட்டரில் ரயில் ஏறத்தாழ 865 மீட்டர் இறங்குகிறது. நீலகிரி மலை ரயிலில் ஏற்றம் 12க்கு 1. நடுவே பல் சட்டம் போட்டு, பல் சக்கரத்தால் பிடித்து ஏறுகிறோம். அந்த எஞ்சின்களைப் பழுது பார்த்ததும் புதிதாகச் செய்ததும் உங்கள் பொன்மலைதான். ஃபிளாம் பாதையில் ஏற்றம் 18க்கு 1. பல் சட்டம் இல்லை. சாதாரணத் தண்டவாளம், அகலமும் முழு அகலம், சக்கரத்தின் பிடிமானம் மட்டும்தான். இருபது சுரங்கங்களில் பதினெட்டு, மனிதர் கையால் குடைந்தவை. மலைக்குள்ளேயே வளைந்து திரும்பி வெளியே வரும் சுரங்கமும் உண்டு. ஜன்னலில் எல்லோரும் அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கண்ணை மூடி பிரேக் பிடிக்கும் ஒலியைக் கேளுங்கள்.

பெர்கனில் குடை உதவாது, காற்று திருப்பிவிடும். நல்ல மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நிறுத்தம் கோபன்ஹேகன். கடற்கன்னிச் சிலையைப் பார்க்காமல் வரமாட்டீர்கள், அது கிடக்கட்டும். அங்கே டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இருக்கிறது. அதே ஆண்டு போட்ட உடன்படிக்கையில்தான் தரங்கம்பாடி டேனியர் கைக்குப் போனது. 1845இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு, தங்கள் இன்னொரு குடியேற்றமான செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பொன் ஏடு போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற காட்சிப் பொருள் அல்ல; பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஸ்காண்டிநேவியாவுக்கு இன்னொரு கதவு நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமான தரங்கைவாசம் திருச்சியில்தான். 1919இல் உருவான அந்தச் சபைக்கு 1921இல் முதல் பேராயரானவர் எர்ன்ஸ்ட் ஹியூமன், ஸ்வீடன்காரர். அவருக்குப் பின் பெக்ஸல், சாந்தேகிரேன், இருவரும் ஸ்வீடன்காரர்களே. 1956இல் ராஜா மாணிக்கம் வரும் வரை இப்படி. முப்பத்தைந்து வருஷம் ஸ்வீடன்காரர்கள் நம் வெயிலில் இருந்திருக்கிறார்கள். நாம் அவர்கள் குளிரில் மூன்று வாரம் இருந்துவிட்டு வருவதற்கு இவ்வளவு பயப்படுகிறோம். ஸ்காண்டிநேவியா போகிறவர்கள் புறப்படும் முன் ஒரு நாள் தரங்கம்பாடி போய் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போங்கள். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

இனி நடைமுறை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். அப்போது அபிஸ்கோவில் இலை உதிர்ந்திருக்கும். வானத்து ஒளி மிஞ்சும். அவர்கள் வடக்கே போகாமல் ஓஸ்லோ, பெர்கன், ஸ்டாக்ஹோம் என்று வைத்துக்கொள்ளலாம், நிறம் அங்கே அப்போதுதான் ஏறும். அந்த ஊர்ப் பள்ளிகளுக்கும் இலையுதிர் விடுமுறை உண்டு: நார்வேயில் அக்டோபர் தொடக்கத்தில், டென்மார்க்கில் அக்டோபர் நடுவில். டேனியர் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் கிழங்கு தோண்டப் போன வாரம் அது. அந்த வாரங்களில் தங்குமிடமும் ரயிலும் நெருக்கடி. மலைக் குடில்கள் செப்டம்பர் பின்பாதியில் மூடத் தொடங்கும். தீவுப் படகுகளின் நேரமும் குறையும். பழைய கால அட்டவணையை நம்பாதீர்கள்.

புரட்டாசி விரதக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். உருளைக்கிழங்கு, ரொட்டி, தயிர், பழம் எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசை விரயம் செய்யாதீர்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா கூடாது. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்துக்கு மட்டும் வேண்டாம்: சான்றிதழ் தேவையில்லாத ஐந்து பழங்களில் அதுவும் ஒன்று. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தச் சலுகையாவது இருக்கட்டும். பணத்தைப் பொறுத்தவரை மூன்று நாட்டிலும் மூன்று தனித்தனி குரோனா. ஆனால் ஸ்வீடனில் நோட்டைக் கண்ணால் பார்க்காமலே திரும்பிவிடலாம், எல்லாம் அட்டைதான். மூன்று நாட்டிலும் பொது மதிப்புக் கூட்டு வரி 25 விழுக்காடு. காசு பறக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உடம்போடு ஒட்டிய உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது, நனைந்தால் காயாது. கம்பளி நூல் நல்லது.

இப்போது மார்ச் ஏன் என்பதற்கு வருகிறேன். மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். கோடைக் கூட்டம் மே மாதத்தில் நேரப் பதிவையெல்லாம் அள்ளிக்கொள்ளும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஆகவே வழித்திட்டம் முதலில், விசா பிறகு. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், நமக்குச் சென்னைதான்.

பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் நாளைக்கே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.